பிசிஓஎஸ்: குழந்தை பிறந்த பிறகும் மூடக்கூடாத ஃபைல் (புதுச்சேரி, கடலூர் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி)

பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், 'சினைப்பை நீர்க்கட்டி' என்று பேச்சில் சொல்லும் ஹார்மோன் கோளாறு) இருக்கும் பெண்ணை நம் பக்கத்தில் பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காகத்தான் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். வயசுக்கு வந்து நாலைந்து வருடமாகியும் மாதவிடாய் ஒழுங்குக்கு வரவில்லை என்று ஒரு தடவை. பெண் பார்க்க வரும் நேரத்தில் முகப்பருவும் தாடை முடியும் கண்ணை உறுத்துகிறது என்று ஒரு தடவை. கல்யாணமாகி வருடம் ஓடியும் 'விசேஷம்' இல்லையே என்று இன்னொரு தடவை. குழந்தை பிறந்துவிட்டால் அந்த ஃபைல் பரண் மேல் ஏறிவிடும். நாற்பது வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தால் "அவங்க அம்மாவுக்கும் இருந்துச்சு" என்பார்களே தவிர, இருபது வயதில் எடுத்த அந்த ஸ்கேனோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிசிஓஎஸ் என்பது சினைப்பையோடு நின்றுவிடும் கோளாறு கிடையாது. இன்சுலின், ரத்தக்கொழுப்பு, ரத்த அழுத்தம், கருப்பையின் உட்சவ்வு, தூக்கம், மனநிலை என்று உடல் முழுவதையும் தொடுகிற, ஆயுள் முழுக்கக் கூடவே வருகிற நிலை. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தமக்கு இருப்பதே தெரியாமல் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நமக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தியா முழுக்க 11.4 சதவீதம், புதுச்சேரியில் மட்டும் 26.3 சதவீதம். நாலில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிற ஊரில், சர்க்கரைக்குச் சாய்வான உடல்வாகோடு ஒரு பெண் வாழ்கிறாள் என்றால் அவள் எத்தனை கவனமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

கருத்தரிப்பு சிகிச்சை பற்றி இதில் அதிகம் இருக்காது. அதைத் தாண்டிய முப்பது, நாற்பது வருடங்களுக்கானது இது. நானும் இதே நிலையோடு வாழ்பவள், டாக்டர் இல்லை. கீழே சொல்லும் பரிசோதனை இடைவெளிகள் 2023-இல் வெளியான சர்வதேச பிசிஓஎஸ் நெறிமுறையையும் பொதுவான மருத்துவ நடைமுறையையும் ஒட்டியவை. மருந்து எது, அளவு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

படி 1: உங்களுக்கு இருப்பது பிசிஓஎஸ்தானா என்று உறுதி செய்யுங்கள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நீர்க்கட்டி' என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்தப் பெண்ணின் தலையில் பிசிஓஎஸ் முத்திரை விழுந்துவிடுகிறது. அது சரியில்லை. மாதவிடாய் ஒழுங்கற்று வருவது, ஆண் ஹார்மோன் கூடுதலாக இருப்பது (ரத்தப் பரிசோதனையிலோ, முகம், மார்பு, அடிவயிற்று முடியாகவோ தெரியலாம்), ஸ்கேனில் சினைப்பை முழுக்கச் சின்னச் சின்ன முட்டைப்பைகள் தெரிவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையையும் இப்போது ஏற்கிறார்கள். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. அந்தச் சின்னப் பைகள் முதிராமல் நின்றுபோன முட்டைப்பைகள்தான். வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை.

இதே அறிகுறிகளைத் தைராய்டும் காட்டும், புரோலாக்டின் ஹார்மோனும் காட்டும், அட்ரினல் சுரப்பிக் கோளாறும் காட்டும். அதனால் டிஎஸ்எச் (தைராய்டுக்கு), புரோலாக்டின், 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரான் (அட்ரினலுக்கு) ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் பார்த்து, அவை காரணமில்லை என்று தெரிந்த பிறகுதான் பிசிஓஎஸ் என்று சொல்வது முறை. உங்களுக்கு இதெல்லாம் பார்த்தார்களா என்று பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். பார்க்கவில்லை என்றால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 2: ஒரே ஃபைல், ஒரே காலண்டர், ஒரு டேப்

தையல் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் சுற்றளவு எடுக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நாம் போடுவது பெரும்பாலும் நாடா கட்டும் உடை. பாவாடை நாடாவும் சுடிதார் நாடாவும் எவ்வளவு வேண்டுமானாலும் இளகிக் கொடுக்கும். ஜீன்ஸ் போடுகிறவளுக்குப் பட்டன் சொல்லிவிடும். நமக்கு இரண்டு அங்குலம் ஏறிய பிறகும் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து தேதி போட்டு எழுதுங்கள்.

எடையைப் பொறுத்தவரை வெளிநாட்டு அட்டவணையைப் பார்க்காதீர்கள். நமக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன். ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கும் பிசிஓஎஸ் உண்டு, உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காத இன்சுலின் எதிர்ப்பும் உண்டு. "நீதான் குச்சி மாதிரி இருக்கியே, உனக்கென்ன" என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பரிசோதனையை விடாதீர்கள்.

மாதவிடாய் தேதியை வீட்டு தினசரிக் காலண்டரிலேயே வட்டம் போடலாம், செல்போன் செயலியிலும் குறிக்கலாம். வருடக் கடைசியில் காலண்டரைக் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு முன் அந்தத் தேதிகளை ஃபைலில் எழுதி வைத்துவிடுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

படி 3: சர்க்கரையைச் சரியான பரிசோதனையால் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிசிஓஎஸ்ஸில் பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் அந்த வழியில் வருபவைதான். கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணி போலக் கறுத்துத் தடிப்பதும் அதனால்தான். அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்ட பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அம்மாமார்களுக்குச் சொல்கிறேன்: அது தேய்த்தால் போகாது. பிள்ளையைத் திட்டாமல் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

கணையம் பல வருடம் தாக்குப்பிடிக்கும். அந்தக் காலத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 90, 95 என்று அழகாக இருக்கும். சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதுதான் முதலில் கெடும். அதனால்தான் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையே மிகத் துல்லியமானது என்கிறார்கள்.

அது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். முந்தைய இரவு சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பின் தண்ணீர் மட்டும். காலையில் காபி கூடாது. லேபில் முதல் ரத்தம் எடுத்ததும் ஒரு பெரிய டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் தருவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். பாதி டம்ளர் தாண்டும்போது திகட்டிக் குமட்டும். சில லேபில் எலுமிச்சை பிழிந்து தருவார்கள், கேட்டுப் பாருங்கள். வாந்தி எடுத்துவிட்டால் பரிசோதனை செல்லாது, இன்னொரு நாள் வர வேண்டும். குடித்த பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். "சும்மாதானே இருக்கோம், மார்க்கெட் போயிட்டு வந்துடலாம்" என்று நடக்கக் கூடாது. நடந்தால் சர்க்கரை இறங்கி ரிப்போர்ட் பொய் சொல்லும். இரண்டாவது ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடலாம். டிபன் டப்பாவைக் கையோடு எடுத்துப்போங்கள்.

இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழே இருந்தால் நல்லது. 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 200 தொட்டால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோயைக் குறிக்கும். ஹெச்பிஏ1சி-யை மட்டும் நம்பாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அந்த எண்ணை மாற்றிக்காட்டும், ரத்தசோகை இல்லாத பெண்ணோ நம் ஊரில் குறைவு.

பிசிஓஎஸ் என்று தெரிந்தவுடன் ஒருமுறை, பிறகு உங்கள் ஆபத்து அளவைப் பொறுத்து 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் சர்க்கரை இருந்தாலோ எடை ஏறியிருந்தாலோ வருடா வருடம் பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். அரசுத் திட்டங்களில் பொதுவாக 30 வயது தாண்டியவர்களைத்தான் தேடிப் பரிசோதிக்கிறார்கள். 23 வயதுப் பெண்ணை யாரும் கூப்பிட மாட்டார்கள். "எனக்கு பிசிஓஎஸ் இருக்கு, சர்க்கரை பாக்கணும்" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

கர்ப்பத்தில் இது இன்னும் முக்கியம். கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், குறைமாதப் பிரசவம் எல்லாமே பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குச் சற்று அதிகம். கருத்தரிக்கத் திட்டமிடும்போது ஒருமுறை, அப்போது விட்டுப்போனால் கர்ப்பத்துக்காக டாக்டரை முதல்முறை பார்க்கும்போதே, எப்படியும் 24 முதல் 28 வாரத்தில் மறுபடியும் குளுக்கோஸ் பரிசோதனை வேண்டும்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் திரும்பவும் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் பெண்கள் நழுவிப்போகிறார்கள். கர்ப்பம் முழுக்க புதுச்சேரியில் காட்டியிருப்பாள். வளைகாப்பு முடிந்து பண்ருட்டியிலோ நெல்லிக்குப்பத்திலோ இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். பிரசவம் அங்கே, ஃபைல் மாமியார் வீட்டில். குழந்தைக்குத் தடுப்பூசி மறக்காமல் போடுவார்கள், தாயின் சர்க்கரை யாருக்கும் நினைவிருக்காது. குழந்தையின் 6 வாரத் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே உங்கள் பரிசோதனையையும் எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுவிடுங்கள்.

படி 4: மூன்று மாதம் மாதவிடாய் வராமல் விடாதீர்கள்

"வராததே நல்லது, தொல்லை விட்டது" என்று இருப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு இது மிகவும் கவலை தரும் பேச்சு. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரான் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாகக் கருப்பையின் உட்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். உதிராமல் தடித்துக்கொண்டே போகும் சவ்வு சிலருக்கு வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக மாறும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிட 2 முதல் 6 மடங்கு. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே வரவும் கூடும். பயந்து நடுங்க வேண்டாம், மொத்தமாகப் பார்த்தால் வருபவர்கள் குறைவுதான். எல்லாருக்கும் வருடா வருடம் இதற்கென்று பரிசோதனை தேவையில்லை. தடுப்பதும் சுலபம்: 90 நாளுக்கு மேல் தள்ளிப்போனால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சில நாள் புரோஜெஸ்டிரான் வகை மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைப்பார்கள். அல்லது தொடர்ந்து கருத்தடை மாத்திரை, அல்லது கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். உங்களுக்கு எது ஒத்துவரும் என்று டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

கருத்தடை மாத்திரை என்றதும் "கல்யாணமாகாத பொண்ணுக்கு அதெல்லாம் எதுக்கு" என்று வீட்டில் பதறுவார்கள். மாதவிடாயைச் சீராக்கவும் முடி, பருவைக் குறைக்கவும் கொடுக்கும் முதல்நிலை மருந்து அதுதான். அதனால் பின்னாளில் குழந்தை பிறக்காமல் போகாது. ரத்த அழுத்தம் இருந்தாலோ, முன்பு ரத்தக்கட்டு வந்திருந்தாலோ, கண்ணில் மின்னல் வெட்டுவது போல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது.

மாசி மகம், ஆடி வெள்ளி, கிரகப்பிரவேசம் என்று மெடிக்கல் ஷாப்பில் நேராக வாங்கிப் போடும் தள்ளிப்போடும் மாத்திரைகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே இரண்டு மாதமாக வராதவர் அதையும் போட்டுத் தள்ளினால், உண்மையில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரியாமல் போகும்.

அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு, இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் என்று எது வந்தாலும் உடனே போங்கள். உட்சவ்விலிருந்து துளி எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் பிசிஓஎஸ்ஸால் கூடுவதாகத் தெளிவான ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

படி 5: ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈரல்

ரத்த அழுத்தம் வருடம் ஒருமுறை. கொழுப்புப் பரிசோதனை பிசிஓஎஸ் தெரிந்தவுடன் ஒருமுறை, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். பெரும்பாலும் டிரைகிளிசரைடு ஏறியும் நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்கியும் இருக்கும். இதய நோய்க்கான ஆபத்துக் காரணங்களில் ஒன்றாகவே பிசிஓஎஸ்ஸையும் கருத வேண்டும் என்று 2023 நெறிமுறை சொல்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், பழைய நோய்கள் என்ன என்று கேட்டால் அதைச் சொல்லிவிடுங்கள். வயிற்று ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தால் "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று தாண்டிப்போகாமல் சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 6: குறட்டையை மறைக்காதீர்கள்

பெண் குறட்டை விட்டால் வீட்டில் கேலி, அதனால் யாரும் சொல்வதில்லை. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு அதிகம். இரவு குறட்டை, காலையில் தலைபாரம், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குவது என்று சேர்ந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

படி 7: மனசுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

மனச்சோர்வும் பதற்றமும் பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம். ஹார்மோன் ஒரு பங்கு என்றால் நாக்குகள் ஒரு பங்கு. வாரம் தவறாமல் த்ரெட்டிங் போய்வந்தும், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காரும் அத்தை தாடையையே பார்ப்பாள். "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்பாள். வெயிட் போட்டுட்டியே என்பாள். இதைக் கேட்டுக் கேட்டு விசேஷ வீடுகளுக்கே போகாமல் ஒதுங்கிப்போன பெண்கள் எனக்குத் தெரியும். பட்டினி கிடப்பது, பிறகு அடக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டு அழுவது, அதுவும் நடக்கிறது.

கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருந்ததா, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா, பதற்றத்தை அடக்க முடியாமல் போனதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அதையும் ஃபைலில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். வெளியில் சொல்லத் தயக்கமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மாமியார், கணவர், அண்ணன் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அந்தக் கேள்விகளைக் கேட்கிறவர்களை உங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்களே நிறுத்திவிடுங்கள்.

படி 8: சாப்பாடும் நடையும்

பிசிஓஎஸ்ஸுக்கென்று தனி டயட் கிடையாது. இன்ன உணவுமுறைதான் மற்றதைவிடச் சிறந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நெறிமுறையே சொல்கிறது. ஆகவே காசு கொட்டிப் பவுடர் வாங்க வேண்டாம். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, பொரியல், பருப்பு, முட்டை, மீன் வையுங்கள். நமக்குக் கடல் பக்கத்தில். நெத்திலியும் மத்தியும் கோழியைவிட மோசமில்லை. பொரிக்காமல் குழம்பு வைத்தால் போதும். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். கூழ் என்பதால் சொம்பு சொம்பாகக் குடிக்கக் கூடாது. பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் நாலைந்து சுளையோடு நிறுத்த முடிந்தால் சாப்பிடுங்கள். முடியாதென்றால் வீட்டுக்குள் முழுப் பழம் வாங்காதீர்கள்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. புதுச்சேரியில் மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகள் கிடையாது. கடலூரில் சில்வர் பீச் இருக்கிறது. அதற்கும் போக முடியாத வீடென்றால் மொட்டை மாடி. பேசிக்கொண்டே நடக்கலாம், பாட முடியாது என்ற அளவு வேகம் வேண்டும். தசைக்கு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. தசைதான் சர்க்கரையை உறிஞ்சும் இடம் என்பதால் இந்தப் பகுதியை விடாதீர்கள். 70 கிலோ இருப்பவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிடாயும் சர்க்கரையும் சீராகத் தொடங்கும். எடை அசையாவிட்டாலும் நடைக்குப் பலன் உண்டு.

இன்சுலின் எதிர்ப்புக்கும் சர்க்கரைக்கும் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டோடு குறைந்த அளவில் தொடங்கினால் வயிற்றுத் தொல்லை குறையும். வருடக்கணக்கில் எடுத்தால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். லேகியம், சூரணம் எடுத்தால் அதன் பெயரையும் ஃபைலில் எழுதி டாக்டருக்குக் காட்டுங்கள்.

படி 9: எங்கே காட்டுவது

புதுச்சேரியில் ஜிப்மரும், எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. கடலூர்க்காரர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை. ஒவ்வொரு வருடப் பரிசோதனைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். ரிப்போர்ட் சரியில்லை என்றால் மேலே போனால் போதும்.

படி 10: நாற்பதுக்குப் பிறகு

முப்பதுகளின் கடைசியில் பலருக்கு மாதவிடாய் தானாகவே சீராகும். அதை நோய் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எட்டிப்பார்க்கும் வயது அதுதான். கருத்தரிக்கும் வாய்ப்பும் அப்போது கூடலாம். முதல் குழந்தைக்கு மருந்து தேவைப்பட்டவர்கள்கூட 38 வயதில் எதிர்பாராமல் கர்ப்பமாவதுண்டு. குழந்தை வேண்டாமென்றால் கருத்தடை தேவை. மாதவிடாய் நின்ற பிறகும் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளைத் தொடருங்கள். முக முடியும் பெரும்பாலும் தொடரும். ஆனால் திடீரென்று சில மாதத்துக்குள் முடி வேகமாகக் கூடினாலோ குரல் தடித்தாலோ அது பழைய பிசிஓஎஸ் இல்லை, வேறு காரணம் இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள்.

இது குடும்பத்தில் ஓடும் நிலை. உங்கள் தங்கை சர்க்கரை பார்த்தாளா என்று கேளுங்கள். மகள் வயசுக்கு வந்த முதல் வருடம் மாதவிடாய் முன்னே பின்னே வருவது இயல்பு. மூன்று வருடத்துக்குப் பிறகும் 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தால், அல்லது 15 வயதாகியும் வரவே இல்லையென்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். முதல் மாதவிடாயிலிருந்து எட்டு வருடம் வரை பிசிஓஎஸ் என்று முடிவு செய்ய ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது. அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையிலும் நிறைய முட்டைப்பைகள் தெரியும். ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் எதற்காக என்று டாக்டரிடம் கேளுங்கள்.